மூன்று டிகிரி கேப்டன்

நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித நாகரிகத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் விவரம் போதாதவர்கள். நெருப்பு தானாகவே வரும். இரண்டு மரக்கிளை உரசினால் போதும். எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் மாதத்தில் அதுகூட வேண்டியதில்லை. குளிர் அப்படி வராது. அதை மனிதன் உண்டாக்க வேண்டும். உண்டாக்கிய பிறகு ஓடிப்போகாமல் காவல் இருக்க வேண்டும். ஆகவே உண்மையான நாகரிகம், கிரேக்கத்தில் பெலியோன் மலையடிவாரத்தில் பலேயோலிமானி என்ற சிறு துறைமுகத்தில், கேப்டன் அரிஸ்தீதிஸின் ஏழு மீட்டர் பாய்மரப் படகில், அடுப்புக்குப் பக்கத்துப் பெட்டிக்குள்தான் தொடங்கியது என்று துணிந்து சொல்லலாம்.

"கேப்டன்" என்றதும் கடலில் தாடி நரைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் துறைமுகத்தில் சொந்தப் படகைக் கட்டி வைத்திருக்கிற எல்லோரும் கேப்டன்தான். கட்டி வைப்பதுதான் முக்கியம். அரிஸ்தீதிஸ் லாரிசாக்காரர். லாரிசாவில் சமவெளி உண்டு, பருத்தி உண்டு, வெயில் உண்டு, கடல் கிடையாது. அங்கே நீர்ப்பாசனத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்த காலம் முழுவதும், மேசைக்குச் சூடாக வந்த எந்தப் பிரச்சினையையும் அவர் ஆறப்போட்டே தீர்த்தார். கால்வாய் உடைந்துவிட்டது என்று கொதித்துக்கொண்டு வருகிற விவசாயி, "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மழைக்குள் அவரே ஆறிவிடுவார். இப்படிப்பட்ட குளிர்ச்சி நிபுணரை அரசு வயதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பியது. நாட்டுக்கு நஷ்டம். எங்கள் துறைமுகத்துக்கு லாபம்.

ஓய்வுபெற்றதும் படகு வாங்கினார். அவருக்குப் பல் பிடுங்கிய டாக்டர் பெரிக்லிஸ் ஏற்கெனவே இங்கே படகு வாங்கியிருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாது. படகுக்கு மனைவியின் பெயரையே வைத்தார். எவாந்தியா நெகிழ்ந்துபோனாள். அவள் எதிரே தெரிகிற ஸ்கியாதோஸ் தீவில் பிறந்தவள். அவளுடைய அக்கா ஸ்மரோ இன்னமும் அங்கேதான் இருந்தாள். கோடையில் வருகிறவர்களுக்கு வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். அதனால் கோடையில் ஸ்மரோவால் நகர முடியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு எவாந்தியாதான் கணவனோடு ஃபெர்ரியில் போய்வருவாள். அரிஸ்தீதிஸ் ஃபெர்ரியின் நட்டநடு இருக்கையில் உட்கார்ந்து, கிளம்பும்போது கண்ணை மூடுவார். தீவு வந்ததும் திறப்பார். உழைத்துக் களைத்த மனிதர், தூங்குகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

இனி ஃபெர்ரி எதற்கு? சொந்தப் படகு வந்த முதல் கோடையில் பாயை விரித்துக் கிளம்பினார்கள். முனையைத் தாண்டியதும் காற்று வந்தது. காற்று வந்தால் பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்தது. சுக்கான் எவாந்தியாவின் கையில் இருந்தது. கேப்டன் இரண்டு கைகளாலும் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எவாந்தியா, அந்த பீர எடு."

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு கையை மட்டும் மரத்திலிருந்து விடுவித்து, ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"சூடா இருக்கு."

"பீரா?"

"பின்ன? காலையில வச்ச ஐஸ் எல்லாம் தண்ணியா போச்சு. இந்த நிலைமையில தீவுக்குப் போக முடியாது. திருப்பு."

"அங்க எங்க அக்கா வீட்ல பீரே இல்லையா?"

"சொந்தப் படகுல போறவன் சூடான பீரோட போய் இறங்கறதா? லாரிசாவோட மானம் என்ன ஆகறது? திருப்புன்னா திருப்பு!"

திருப்பினாள். கரையில் கயிற்றைக் கட்டி முடித்ததும் கேப்டனின் முகத்தில் நிறம் திரும்பி வந்தது. அன்று மாலையே அவர் தன் வாழ்நாள் திட்டத்தை அறிவித்தார்: படகில் "முறையான" குளிர்பெட்டி அமையாமல் கடலில் காலெடுத்து வைப்பதில்லை. பொறுப்புள்ள மனிதர் வேறு எப்படிப் பேசுவார்?

எங்களிடம் "பத்தேந்தா" என்று ஒரு சொல் உண்டு. வேறு நாடுகளில் அது, ஒரு கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கிற உரிமை. எங்களிடம், அரசாங்கத்துக்கும் கடைக்காரனுக்கும் இயற்பியலுக்கும் தெரியாமல் ஒருவன் கம்பியையும் ஒட்டுநாடாவையும் வைத்து முடித்துவிடுகிற வேலைக்கு அந்தப் பெயர். மற்றவர்கள் கடைக்குப் போய்ப் படகுக் குளிர்பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். அது சோம்பேறிகளின் வழி. "ஒரு பத்தேந்தா பண்ணியிருக்கேன்" என்று எங்கள் ஆண்பிள்ளை ஒருவன் சொல்கிறபோது அவன் கண்ணில் தெரிகிற ஒளியைக் கண்டு, மனைவிகள் முதலில் மின் இணைப்பைத்தான் பிடுங்குவார்கள்.

முதல் பத்தேந்தா நுரை. பெட்டியைச் சுற்றி நுரையை அடைத்தால் குளிர் வெளியே போகாது என்று துறைமுக மின் நிபுணர் ஃபோத்திஸ் சொன்னார். "மின் நிபுணர்" என்பது, மின்வாரியத்தில் ரசீது கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று பொருள்படும். அரிஸ்தீதிஸ் டப்பா டப்பாவாக நுரையைப் பீச்சினார். அந்த நுரை பீச்சும்போது கொஞ்சமாகத்தான் இருக்கும். பிறகு பொங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. டப்பாவைப் படிக்கிறவன் பத்தேந்தா செய்ய மாட்டான். நுரை பொங்கி, அலமாரியைப் பிளந்து, பக்கத்து இழுப்பறைக்குள் புகுந்து இறுகியது. அந்த இழுப்பறையில் இருந்த கரண்டிகள் எல்லாம் இன்றுவரை அங்கேயேதான் இருக்கின்றன. அவை கெடாமல் இருக்கின்றன.

அடுத்த கோடையில் குளிரூட்டும் எந்திரம் வந்தது. கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்ற ஒருவர் தூக்கிப் போட்ட பெட்டியிலிருந்து அதைக் கழற்றி எடுத்து வந்தார். குளிரை உள்ளே தள்ளினால் சூடு வெளியே வரும். அதற்கு ஒரு வழி விட வேண்டும். படகில் வேறு இடம் இல்லாததால் அந்த வழி எவாந்தியாவின் படுக்கைக்குக் கீழே விடப்பட்டது.

"என் முதுகு வேகுது, அரிஸ்தீதி."

"அப்படியா? நல்லா வேகுதா?" அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "அப்படின்னா உள்ள நல்லாக் குளிருதுன்னு அர்த்தம்!"

"நான் எங்க படுக்கறது?"

"வெளிய தளத்துல படு. நட்சத்திரம் பாக்கலாம். இதுக்குன்னே பணம் கொடுத்து எத்தனையோ பேர் வராங்க."

மூன்றாவது கோடையில் மின்கலங்கள் சேர்ந்தன. அவற்றின் எடையில் படகு கட்டிய இடத்திலேயே வலது பக்கம் சாய்ந்தது. நேராக்குவதற்கு இடது பக்கம் தண்ணீர்க் கேன்களை அடுக்கினார். நான்காவது கோடையில் சூரியத் தகடுகள். பாயைத் தாங்குகிற கட்டையின் மேலேயே அவற்றை வரிசையாகத் திருகிவிட்டதால் பாயை இனி விரிக்க முடியாது. அதில் ஒன்றும் தவறில்லை. பாயை விரித்தால் தகட்டின்மேல் நிழல் விழும் என்று ஃபோத்திஸ் விளக்கினார். எது முக்கியம் என்பதில் துறைமுகத்தில் இரண்டு கருத்து இல்லை. தகடுகளும் போதாமல், கரையிலிருந்து மஞ்சள் நிற மின்கம்பி ஒன்று படகுக்கு இழுக்கப்பட்டது. ஐந்தாவது கோடையில் உயிர்காப்பு அங்கிகள் கண்ணில் பட்டன. "தக்கைதானே இது? வெப்பம் கடத்தாது" என்று அரிஸ்தீதிஸ் அவற்றைப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே இன்னொரு சுற்று நுரை அடித்தார். அந்த அங்கிகள் முதன்முறையாக எதையோ காப்பாற்றத் தொடங்கின.

இந்தச் சாதனைகளையெல்லாம் சிறுபடகு உரிமையாளர் சங்கம் கூர்ந்து கவனித்து வந்தது. சங்கத்தின் தலைவர் டாக்டர் பெரிக்லிஸ். அவர் "குளிர்ச்சி உபகுழு" ஒன்றை அமைத்தார். அது காபிக்கடையில் மாலைதோறும் கூடியது. மாதா திருநாளுக்கு முந்தைய விரத காலம் என்றால் பேய்க்கணவாயும் இறாலும் மட்டும் தொட்டுக்கொண்டு, சிப்புரோ சாராயத்தில் கடைக்காரர் கொடுக்கிற ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஐஸ் உண்டாக்குவது எவ்வளவு கடினம் என்று விவாதிப்பார்கள். ஆண்டறிக்கையில் டாக்டர் இப்படி எழுதினார்: "எவாந்தியா இவ்வாண்டும் அசையவில்லை. அவளது அடிப்பகுதியில் பாசி படர்ந்துள்ளது. எனினும் உட்புறக் குளிர்ச்சி திருப்திகரம்." இதைச் சங்கத்தில் வாசித்தபோது பின்வரிசையில் எவாந்தியாவே உட்கார்ந்திருந்தாள்.

"என்னப் பத்தியா, படகப் பத்தியா டாக்டர்?" என்றாள்.

"படகப் பத்திதான் அம்மா."

"அப்பாடா. அவ பரவால்ல, அவளுக்காவது அறிக்கையில இடம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அரிஸ்தீதிஸும் சிரித்தார்.

ஒவ்வொரு ஜூலையிலும் எவாந்தியா ஒரே கேள்வியைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும்.

"நான் மட்டும் ஃபெர்ரியில ஒரு எட்டு போய் அக்காவப் பாத்துட்டு வந்துடறேனே."

"ஃபெர்ரியிலயா? கேப்டன் பொண்டாட்டி ஃபெர்ரியில போனா துறைமுகத்துல என்ன பேசுவாங்க? சொந்தப் படகு வாசல்ல நிக்குது. அடுத்த வருஷம் ஜம்முனு போய் இறங்கறோம் பாரு. குளிர்ந்த பீரோட."

அவளுக்கு அது பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெருமைதான் ஒவ்வொரு வருஷமும் ஒரு சுண்டுவிரல் அளவு கூடுதலாக இருந்து ஜெயித்தது. குளிர்காலத்தில் இவர்கள் லாரிசா வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், புயல் மாதங்களில் ஃபெர்ரியை நம்பிக் கிளம்ப முடியாமல் தீவிலிருந்து ஸ்மரோ தொலைபேசியில் பேசுவாள், "எப்படி இருக்கான் உன் அட்மிரல்?" என்பாள். அக்காவும் தங்கையும் சிரிப்பார்கள். இப்படியே ஆறு கோடைகள் ஆறிப்போயின.

ஏழாவது கோடையின் ஜூலையில் ஸ்மரோ வேறொரு செய்தி சொன்னாள். மெல்பர்னில் இருக்கிற மகன் அவளுக்கு விசா வாங்கிவிட்டான். தீவு வீட்டை விற்றாகிவிட்டது. மாதா திருநாள் முடிந்த மறுநாள் விமானம். இனித் திரும்பி வருவதாக இல்லை. அந்த வயதில் அவ்வளவு தூரம் இரண்டாம் முறை யாரும் பறப்பதும் இல்லை.

எவாந்தியா தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் எதிரே தெரிந்த தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனிடம் வந்தாள். அவர் பெட்டியின் மூடிக்கு மூன்றாவது ரப்பர் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பதினாலாந்தேதி காலையில கிளம்பறோம். பதினஞ்சு அக்காவோட இருக்கோம். இதுதான் கெடு."

"கெடுதல் எதுவும் ஆகாது, எவாந்தியா. இப்ப நுரை—"

"நான் கெட்டுப்போறதப் பத்திப் பேசல. கெடுவப் பத்திப் பேசறேன். பதினாலாந்தேதி. அதுக்கப்புறம் எனக்கு அக்கா இல்ல."

அரிஸ்தீதிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் எரிச்சல் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். முப்பது வருஷப் பழக்கம். இருந்தது கெஞ்சல். அவருக்கு அவளைப் பிடிக்கும், எப்போதும் பிடிக்கும். அதனால் வாக்குக் கொடுத்தார். கொடுத்த கணத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உபகுழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"பதிமூணாந்தேதிக்குள்ள மூணு டிகிரி வரணும். வராட்டி கிளம்ப முடியாது" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

விதியின் கொடுமை, மூன்று டிகிரி வந்துவிட்டது. இன்னுமொரு சுற்று நுரை, ஒரு பழைய கணினியின் விசிறி, மஞ்சள் கம்பியில் வருகிற மின்சாரம் எல்லாம் சேர்ந்து, பன்னிரண்டாம் தேதி மாலை, தளத்தின் மேலே மாட்டியிருந்த வெப்பமானியில் சிவப்பு எழுத்தில் "3" என்று காட்டியது. துறைமுகமே கூடிக் கைதட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபோத்திஸ் அரிஸ்தீதிஸைத் தூக்கப் பார்த்து முடியாமல் இறக்கிவிட்டார். கேப்டன் மட்டும் வழக்கில் தோற்றவரைப் போல வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாலாம் தேதி காலையில் எவாந்தியா துறைமுகத்துக்கு ஒரு பெரிய வட்டத் தட்டோடு வந்தாள். பாலும் ரவையும் முட்டையும் கிண்டி, மெல்லிய மாவேடுகளுக்கு நடுவே வைத்துச் சுட்டு, மேலே பாகு ஊற்றிய கலக்தோபூரேகோ. அவர்கள் அம்மா செய்கிற மாதிரி. விரதம் முடிகிற நாளில் ஸ்மரோ முதலில் வாயில் போடுவது அதைத்தான். ஆகஸ்ட் வெயிலில் அரை நாள் வெளியே இருந்தால் பால் புளித்துவிடும், அதற்குத்தானே குளிர்பெட்டி. வழியனுப்புவதற்குச் சங்கத்தின் கேப்டன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் மனைவிமார்கள் அவரவர் படகுத் தளத்தில் பீன்ஸ் நறுக்கியபடி வேடிக்கை பார்த்தார்கள். சற்றுத் தள்ளி, மதியம் கிளம்பவேண்டிய ஃபெர்ரி, ஏறிச்செல்லும் பாலத்தை இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

"இந்தா, உள்ள வை" என்று தட்டை நீட்டினாள்.

அரிஸ்தீதிஸ் தட்டின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "சூடா இருக்கே!"

"இப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்தேன்."

"சூடான பொருள உள்ள வச்சா டிகிரி ஏறிடும்மா" என்றார் ஃபோத்திஸ். "குளிர்ந்த பொருளத்தான் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்."

"குளிரணும்னுதானே ஃப்ரிட்ஜ்ல வைக்கறது?"

"அது கரையில இருக்கற ஃப்ரிட்ஜ். இது படகு ஃப்ரிட்ஜ். இதோட தத்துவம் வேற."

டாக்டர் குறுக்கிட்டு, தட்டைக் காபிக்கடை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, பிறகு படகு ஃப்ரிட்ஜுக்கு "மாற்றல்" செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னார். எவாந்தியா தட்டைத் தூக்கிக்கொண்டு காபிக்கடைக்குப் போனாள். தட்டு குளிர்ந்தது. திரும்பக் கொண்டு வந்தாள். இம்முறை உபகுழு முறைப்படி வரிசையில் நின்றது. ஃபோத்திஸ் ஒன்று இரண்டு மூன்று சொல்ல, அரிஸ்தீதிஸ் மூடியைத் தூக்கினார்.

உள்ளே குளிர் இருந்தது. குளிரைத் தவிர வேறெதற்கும் இடம் இல்லை. ஆறு கோடை நுரையும் உயிர்காப்பு அங்கிகளும் நான்கு பக்கத்திலிருந்தும் நெருக்கி நெருக்கி, ஒரு காலத்தில் ஓர் ஆட்டுக்குட்டியே படுக்கக்கூடியதாக இருந்த பெட்டியில் இப்போது இரண்டு பீர் டப்பாக்களும் வெப்பமானியின் கம்பியும் மட்டும் இருந்தன. எவாந்தியா தட்டைப் பெட்டியின் வாய்மீது வைத்துப் பார்த்தாள். அது மூடி போல உட்கார்ந்தது.

"மூடு, மூடு, நாலு ஆயிடுச்சு!" என்று கத்தினார் ஃபோத்திஸ்.

தட்டை எடுத்தாள். மூடினார்கள்.

"வெட்டி வைக்கலாம்" என்றார் டாக்டர். "ரெண்டு துண்டு போகும்."

"பீர எடுத்துட்டா மூணு துண்டு" என்றார் ஃபோத்திஸ். எடுக்கலாமா என்று அரிஸ்தீதிஸின் முகத்தைப் பார்த்தார்.

எவாந்தியா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. "சரி, இனிப்பு கிடக்கட்டும். கயிற அவிழு, அரிஸ்தீதி. கிளம்பலாம்."

"எப்படி? பாய விரிக்க முடியாதே. தகடு இருக்கு."

"மோட்டர்ல போலாம்."

"மோட்டர் சூட்டுல பெட்டி டிகிரி ஏறிடும். அப்புறம் இந்த மஞ்சக் கம்பிய எடுத்தா..." அவர் கரையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "எவாந்தியா, இப்படிப் பண்ணுவமா? அக்காவ டிக்கெட்ட ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லு. செப்டம்பர்ல காத்து சாந்தமா இருக்கும். இல்லாட்டி அவங்கள இங்க வரச் சொல்லு. நான் காபிக்கடையில சொல்லி மேசை போடறேன்."

எவாந்தியா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த மீன்கடைக்குப் போனாள். மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டி ஒன்றையும் அதற்குள் போட இரண்டு கை ஐஸையும் வாங்கினாள். தட்டு அதில் வசதியாக உட்கார்ந்தது. மூடியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். உபகுழுவின் முழு வாழ்நாள் ஆராய்ச்சியும் அங்கே மீன் நாற்றத்தோடு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்காத மாதிரி வெப்பமானியைப் பார்த்தார்கள்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஃபெர்ரியின் பாலத்துக்கு நடந்தாள். அரிஸ்தீதிஸ் பின்னாலேயே ஓடினார்.

"ஃபெர்ரியிலயா போற?"

"ஆமா. நீயும் வா. ஏறு."

"நானா? கேப்டனா இருந்துட்டு—"

"கேப்டனா வர வேணாம். புருஷனா வா. ஸ்மரோ உன்னையும் பாக்கணும்னு சொன்னா. திட்டறதுக்காவது."

அவள் பாலத்தின்மீது ஏறி நின்று கையை நீட்டினாள். கரைக்கும் பாலத்தின் முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர் ஏறி இறங்கியது. அரிஸ்தீதிஸ் அதைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"மூடியத் திறந்துல்ல மூடினோம்," என்றார். "நாலுலேர்ந்து மூணுக்கு எறங்கற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கணும்."

"நாங்க இருக்கோம்யா!" என்று படகிலிருந்து கத்தினார் ஃபோத்திஸ். உதவி செய்யும் நோக்கத்தில்தான் கத்தினார். "நீ போய்ட்டு வா! வேணும்னா ராத்திரியும் இங்கயே படுத்துக்கறேன்!"

"சங்கம் முழுப்பொறுப்பும் ஏற்கிறது!" என்றார் டாக்டர்.

அரிஸ்தீதிஸுக்கு அவர்களைக் கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது. வேறு காரணம் ஒன்றைத் தேடினார். காற்று இல்லை. வெயில் நல்ல வெயில். கடல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மின்கலம், தகடு, விசிறி, நுரை, எதுவும் கைகொடுக்கவில்லை. முப்பது வருஷம் கோப்புகளில் ஒரு வரிக்குக் குறையாமல் காரணம் எழுதிய கை, ஒன்றும் எழுத முடியாமல் தொங்கியது. நின்றுகொண்டே இருந்தார். அவமானத்தில் காது சிவந்தது.

எவாந்தியா நீட்டிய கையை மெதுவாக இறக்கினாள். அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அவளும் அந்த ஒரு சாண் தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது. அது கோபத்தைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

"அட கடவுளே," என்றாள். "நீ பயந்துக்கறியா?"

ஃபெர்ரி ஊதியது. பாலத்தைத் தூக்கப் போவதாகச் சங்கிலிக்காரன் கை காட்டினான். அவள் பின்னால் நகர்ந்து உள்ளே நின்றுகொண்டாள். எந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்காகக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் துறைமுகம் முழுக்கக் கேட்டது.

"கடல்னா பயம்னு முதல் வருஷமே சொல்லியிருக்கலாமேடா அரிஸ்தீதி! நான் என்ன உன்னக் கேலியா பண்ணியிருக்கப் போறேன்? ஆறு வருஷமும் நான் ஃபெர்ரியில போய் எங்கக்காவப் பாத்துட்டு வந்திருப்பேனே!"

பாலம் எழும்பி மூடியது. ஃபெர்ரி விலகியது. அரிஸ்தீதிஸ் கரையிலேயே நின்றார்.

டாக்டர் பெரிக்லிஸ் தொண்டையைச் செருமினார். ஃபோத்திஸ், வெப்பநிலை மீண்டும் மூன்றுக்கு வந்துவிட்டது என்று தாழ்ந்த குரலில் சபைக்குத் தெரிவித்தார். யாரும் கைதட்டவில்லை. அக்கம்பக்கத்துப் படகுகளில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிமார்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒருத்தி பின் ஒருத்தியாக, அவரவர் கேப்டனைத் திரும்பிப் பார்த்தார்கள்.